மன்றக் கூட்டத்தை எதைக் கொண்டு தொடங்குவது? பிரார்த்தனை, மௌனம், வாசகம்: ஓர் ஒப்பீடு

நகர மன்றமோ பள்ளி வாரியமோ சட்டமன்றமோ, மக்கள் பணத்தில் நடக்கும் எந்தச் சபையிலும் கூட்டத்தின் முதல் இரண்டு நிமிடத்தைப் பற்றி எப்போதாவது ஒரு சண்டை வரும். "காலங்காலமாகப் பிரார்த்தனையோடுதான் தொடங்குகிறோம்" என்பார் ஒருவர். "எனக்கு நம்பிக்கை இல்லாத கடவுளின் பெயரால் என் சபை ஏன் தொடங்க வேண்டும்?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் மனதாரத்தான் பேசுகிறார்கள். இடையில் மாட்டிக்கொள்பவர் நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கும் செயலர்.

இந்த முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது. பிரார்த்தனை நல்லதா என்பது இங்கே கேள்வி அல்ல. எந்த முறை உங்கள் சபையில் தாக்குப்பிடிக்கும், எதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே கேள்வி.

## முதலில் அளவுகோல்கள்

யாருடைய குரல்? வெளியிலிருந்து வரும் மதகுருவின் குரலா, சம்பளம் வாங்கும் போதகரின் குரலா, தலைவர் நாற்காலியில் இருப்பவரின் குரலா? நீதிமன்றங்கள் பல நாடுகளில் அதிகம் தோண்டியது இதைத்தான்.

யாரை நோக்கி? வேலையைத் தொடங்கப்போகும் உறுப்பினர்களுக்கு மன ஒருமைப்பாடு வேண்டும் என்பது ஒன்று. மனு கொடுக்க வந்து காத்திருக்கும் பொதுமக்களையும் எழுந்து நிற்கச் சொல்வது முற்றிலும் வேறு.

விலகி நிற்க என்ன விலை? கலந்துகொள்ளாதவர் இடத்தையோ வாக்கையோ நல்லெண்ணத்தையோ இழக்கிறாரா?

யார் பராமரிப்பது? மாதம் இரண்டு கூட்டம் என்றால் ஆண்டுக்கு 24 தொடக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆள் தேட வேண்டுமா, ஒரு அட்டையை எடுத்துப் படித்தால் போதுமா?

சட்டம் என்ன சொல்கிறது? இதை முதலில் பார்க்க வேண்டும், ஆனால் இதோடு நின்றுவிடக் கூடாது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் சபையைச் சேர்த்து வைக்கும் என்று பொருளில்லை.

## 1. மாறாத ஒரே பிரார்த்தனை

இதுவே மிகப் பழைய வடிவம். பிரிட்டன் மக்களவையில் ஒவ்வொரு அமர்வும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பிரார்த்தனையோடு தொடங்குகிறது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் 1901 முதல் பிரார்த்தனை உண்டு. கனடா மக்களவையில் பார்வையாளர்களுக்குக் கதவு திறக்கும் முன்பே ஒரு பொதுவான பிரார்த்தனையும் சிறிது நேர மௌனமும் முடிந்துவிடுகின்றன.

பராமரிப்பு ஏறத்தாழ இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். வாசகம் ஒருமுறை முடிவானால் யாரும் அதில் பிரச்சாரத்தைச் செருக முடியாது. நேரமும் தெரிந்தது.

மறைந்திருக்கும் விலையைப் பிரிட்டன் மக்களவையே காட்டுகிறது. அங்கே பிரார்த்தனைக்கு வருவது கட்டாயமில்லை. ஆனால் 650 உறுப்பினர்களுக்கு இருக்கைகள் சுமார் 427தான். பெயர் எழுதிய 'பிரார்த்தனை அட்டை'யை வைத்து இடம் பிடித்துக்கொள்ளலாம்; பிரார்த்தனைக்கு வந்தால்தான் அந்த இடம் உறுதி. கூட்டம் நிரம்பி வழியும் நாளில் நம்பிக்கையற்றவரும் வந்து நிற்கிறார், அல்லது இடத்தை இழக்கிறார். கட்டாயம் என்ற சொல்லே இல்லாமல் கட்டாயம் நுழைந்துவிடும் வழி இது. உங்கள் சபையிலும் வருகைப் பதிவு, இருக்கை, பேசும் வரிசை இவற்றில் எதுவாவது பிரார்த்தனையோடு பிணைந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் பெயர். 1949 அக்டோபர் 17 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்பின் முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். உடனே அஸ்ஸாமின் ரோகிணி குமார் சௌத்ரி எழுந்து, காமாக்யா தேவியை வணங்கும் காமரூபத்திலிருந்து வருகிற தனக்கு 'தேவியின் பெயரால்' என்றிருக்கக் கூடாதா என்று கேட்டார். வாக்கெடுப்பில் திருத்தம் 41க்கு 68 என்று தோற்றது. ஒரு பெயரை வைத்த கணமே 'ஏன் இந்தப் பெயர்?' என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. நியூசிலாந்தில் 2017இல் அவைத்தலைவர் பிரார்த்தனையிலிருந்து இயேசுவின் பெயரை நீக்கியபோது அதே கேள்வி எதிர்த் திசையிலிருந்து வந்தது. நீக்கம் பலரைக் காயப்படுத்தியது.

*எப்போது பொருந்தும்:* வாசகம் ஏற்கெனவே வேரூன்றியிருந்து, பொதுமக்கள் இல்லாத நேரத்தில் சொல்லப்பட்டு, விலகுபவருக்கு எந்த இழப்பும் இல்லாதபோது. புதிதாகத் தொடங்கும் சபைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

## 2. நியமிக்கப்பட்ட போதகர்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 1789 முதல் போதகர், அதாவது அவைக்கென்றே நியமிக்கப்படும் மதகுரு, பதவி உண்டு. நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தில் பிரெஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரே போதகர் பதினாறு ஆண்டுகள் இருந்தார். அவை கூடும் மாதங்களில் அவருக்கு மாதம் 319.75 டாலர் அரசுச் சம்பளம். உறுப்பினர் எர்னஸ்ட் சேம்பர்ஸ் தொடுத்த வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லும் என்றது. காரணம் வரலாறு: அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை எழுதிய அதே நாடாளுமன்றமே போதகரையும் நியமித்தது.

நல்ல போதகர் பிரார்த்தனையோடு நிற்பதில்லை. உறுப்பினர் வீட்டில் துக்கம் என்றால் போவார். கட்சி பார்க்காமல் காது கொடுப்பார். இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் இதெல்லாம் முழுநேரமாகக் கூடும் பெரிய அவைக்கே. மாதம் இருமுறை கூடும் மன்றத்தில் இது 'ஒரு மதத்துக்குச் சம்பளம்' என்ற கேள்வியாக மட்டுமே மிஞ்சும். அந்த நெப்ராஸ்கா போதகரே, 1980இல் யூத உறுப்பினர் ஒருவர் முறையிட்ட பிறகு கிறிஸ்துவின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். சட்டம் கேட்காததை அவையின் ஒற்றுமை கேட்டது.

## 3. சுழற்சியில் விருந்தினர்

வெளியிலிருந்து பார்த்தால் இதுதான் மிக நியாயமானது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு சமயத்தவர் அல்லது சமயம் சாராதவர் வருகிறார். நன்றாக நடந்தால் இதற்கு இணையில்லை. மோசமாக நடந்தால் இதைப்போல் வழக்கில் இழுத்துவிடுவதும் வேறில்லை. எல்லாம் ஒரே பொருளைப் பொறுத்தது: பட்டியல்.

நியூயார்க் மாநிலத்தில் கிரீஸ் என்ற ஊர். 1999 முதல் அங்கே மாதந்தோறும் ஒரு மதகுரு பிரார்த்தனை செய்தார். ஊழியர் ஒருவர் உள்ளூர் விவரக் கையேட்டில் இருந்த தேவாலயங்களை வரிசையாக அழைத்தார். ஒதுக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. ஆனால் கையேட்டில் இருந்தவை ஏறக்குறைய எல்லாம் கிறிஸ்தவ ஆலயங்கள்; ஊர் மக்களில் யூதர்கள் இருந்தும் அவர்கள் போகும் ஜெப ஆலயங்கள் ஊர் எல்லைக்கு வெளியே இருந்ததால் பட்டியலில் வரவில்லை. 2007 வரை வந்த எல்லோரும் கிறிஸ்தவர்களே. முறையீடு எழுந்த பிறகே ஒரு யூதர், ஒரு பஹாய், விக்கா என்ற நவீன இயற்கை வழிபாட்டு மதத்தின் பூசாரி ஒருவர் வந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014இல் 5–4 என்ற கணக்கில் ஊர் வென்றது. வென்றாலும், எட்டு ஆண்டுத் தொடர்ச்சி ஒரு கையேட்டால் தீர்மானிக்கப்பட்டது என்ற உண்மை மாறாது.

அந்தத் தீர்ப்பே மூன்று எல்லைகளையும் சொன்னது. உறுப்பினர்கள் பொதுமக்களைக் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. கலந்துகொள்ளாதவரைச் சுட்டிக்காட்டக் கூடாது. கலந்துகொண்டால் மனு நன்றாகப் போகும் என்ற எண்ணம் வரவிடக் கூடாது. எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி எலினா கேகன் வேறொன்றைக் கவனித்தார்: நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடம் எங்கோ உயரத்தில் இருக்கிறது, ஊர் மன்றத்திலோ மனுதாரர் உறுப்பினர்களின் கண் எதிரே நிற்கிறார். சிறிய மன்றங்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும்.

புளோரிடாவின் பிரெவார்ட் மாவட்டம் தோற்றதும் பட்டியலால்தான். அங்கே ஆணையர்கள் தங்களுக்கு உகந்தவர்களை அழைத்தார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களின் கோரிக்கையை மறுத்தார்கள். ஒரு கடவுளை வணங்கும் மதங்களுக்கு முன்னுரிமை தருவது செல்லாது என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

சுழற்சியை நேராக நடத்தும் மாதிரி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். அங்கே தினமும் கிடையாது; வாரம் ஒருமுறை, செவ்வாய் பிற்பகலின் முதல் நிகழ்வாக 'சிந்தனை நேரம்'. அதிகபட்சம் நான்கு நிமிடம். பேச்சாளர்களின் விகிதம் மக்கள்தொகைக் கணக்கில் சமயங்களும் சமயமின்மையும் பெறும் இடத்தை ஒட்டி அமைகிறது. மூன்று முடிவுகள் இதில் அடங்கியிருக்கின்றன: குறைவான தடவை, கறாரான நேரம், யாருடைய விருப்பத்தையும் சாராத அளவுகோல்.

இந்த வழியில் போவதென்றால் செய்ய வேண்டியவை:

- அழைப்பு முறையை எழுத்தில் வையுங்கள். கோரிக்கை வந்த வரிசையா, குலுக்கலா, விகிதமா என்பது யாரும் படிக்கும்படி இருக்க வேண்டும்.
- ஊர் எல்லையை அளவாக்காதீர்கள். ஊர் மக்கள் எங்கே வழிபடுகிறார்கள் என்பதே அளவு. கட்டடம் இல்லாத சமயங்களும் உண்டு.
- உரையை முன்கூட்டியே வாங்கித் திருத்தாதீர்கள். திருத்தினால் அது சபையின் உரையாகிவிடும். மதம் மாற்ற முயல வேண்டாம், பிற சமயத்தை இழிவுபடுத்த வேண்டாம், நேரம் தாண்ட வேண்டாம் என்ற மூன்று விதி போதும்.
- வராமல் போனால் என்ன என்று முடிவு செய்யுங்கள். மாற்றாள் தேடுவதைவிட அன்று மௌனம் என்று வைப்பது நல்லது.
- கூச்சல் எழுந்தால் தலைவர் என்ன சொல்ல வேண்டும் என்பது எழுதி இருக்கட்டும். 2007 ஜூலை 12 அன்று அமெரிக்க செனட்டில் இந்துப் பிரார்த்தனை தொடங்கியதும் மாடத்தில் இருந்த மூவர் குரல் எழுப்பி இடைமறித்தனர். காவலர்கள் வெளியேற்றிய பின்பே அது தொடர்ந்தது. விருந்தினரின் மானத்தைக் காப்பது அழைத்தவரின் கடமை.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி. உங்கள் பெரும்பான்மைக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவர் முறைப்படி கேட்டால், முகம் சுளிக்காமல் அழைப்பீர்களா? ஃபீனிக்ஸ் நகர மன்றம் இந்தக் கேள்வியை 2016இல் சந்தித்தது. சாத்தானியக் கோயில் என்ற அமைப்புக்கு முறை வந்தபோது, மன்றம் பிரார்த்தனையையே நிறுத்தி மௌனத்துக்கு மாறியது. பிறகு காவல், தீயணைப்புத் துறைகளின் போதகர்களை மட்டும் அழைப்பது என்று மறுபடி மாற்றியது. பதில் 'அழைக்க மாட்டோம்' என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. அதை முதல் நாளே ஒப்புக்கொள்வது நேர்மை.

## 4. உறுப்பினர்களே மாறி மாறி

செலவில்லை, ஆள் தேட வேண்டியதில்லை. அதனாலேயே சிறிய மன்றங்கள் இதில் விழுகின்றன. ஆனால் முதல் அளவுகோலில் இது கடைசியாக நிற்கிறது. சற்று நேரத்தில் உங்கள் கட்டட அனுமதியில் வாக்களிக்கப்போகிறவரே 'எழுந்து நின்று என்னோடு பிரார்த்தியுங்கள்' என்கிறார்.

வட கரோலினாவின் ரோவன் மாவட்டத்தில் ஐந்து ஆணையர்கள் மட்டுமே பிரார்த்தனை செய்தனர். 97 விழுக்காடு கிறிஸ்தவப் பிரார்த்தனை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதே ஆண்டு மிச்சிகனின் ஜாக்சன் மாவட்டத்தில் இதே நடைமுறையை வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் விசாரிக்க மறுத்துவிட்டது. ஆக, ஒரே நாட்டிலேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் ஒரு சட்டம், இன்னொன்றின் எல்லைக்குள் வேறு சட்டம். இப்படி ஆட்டம் காணும் தரையில் புதிதாகக் கட்டாதீர்கள்.

## 5. மௌனம்

தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பிரார்த்தனைக்கோ தியானத்துக்கோ என்று சிறிது நேர மௌனம். வட அயர்லாந்துச் சட்டமன்றத்தில் இரண்டு நிமிடம். அயர்லாந்தின் கீழவையில் 2017 முதல் பிரார்த்தனையோடு முப்பது நொடி மௌனமும் சேர்ந்தது. கனடாவின் கியூபெக் மாநிலச் சட்டமன்றம் 1976இலேயே பிரார்த்தனைக்குப் பதிலாக மௌனத்துக்கு மாறிவிட்டது.

நம்பிக்கையுள்ளவர் மனதுக்குள் பிரார்த்திக்கிறார், இல்லாதவர் மூச்சு விடுகிறார். யாரும் யாருக்காகவும் பேசுவதில்லை. பராமரிப்பும் இல்லை. சிறிய மன்றத்துக்கு நம் முதல் தேர்வு இதுதான். ஆனால் மௌனத்தையும் கெடுக்க முடியும்.

முதலாவது, நேரம். பத்து நொடி என்றால், கையிலிருக்கும் தாளைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிடும். இரண்டு நிமிடம் பழக்கமில்லாத கூட்டத்தில் இருமலும் நாற்காலிச் சத்தமும் கிளம்பும். முப்பது நொடி சரியாக இருக்கும். தலைவர் கடிகாரம் பார்க்க வேண்டும். உத்தேசமாக விட்டால் பதினைந்தில் முடித்துவிடுவார்.

இரண்டாவது, அறிவிப்பு. 'அவை முப்பது நொடி மௌனம் காக்கும்' என்பது போதும். முடிந்ததும் 'நன்றி' என்று ஒரு சொல். அது இல்லாவிட்டால் முடிந்ததா என்று எல்லோரும் பக்கத்தவரைப் பார்ப்பார்கள். 'விரும்பியவர் பிரார்த்திக்கலாம்' என்று சேர்ப்பது அன்பாகத் தோன்றும். ஆனால் சேர்ப்பவரின் நோக்கம் அளக்கப்படும். அலபாமா பள்ளிகளில் 'தியானம் அல்லது விருப்பப் பிரார்த்தனை' என்று மௌன நேரம் கொண்டுவந்த சட்டத்தை 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிரார்த்தனையைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவருவதே நோக்கம் என்று சட்டத்தை முன்மொழிந்தவரே பதிவு செய்திருந்தார்.

மறைந்திருக்கும் விலை: உரத்த பிரார்த்தனையில் ஆறுதல் கண்டவர்களுக்கு மௌனம் வெறுமையாகத் தெரியும். ஊரில் பெரிய விபத்து நடந்த மறுநாள் முப்பது நொடி போதாது. அன்று தலைவர் இறந்தவர்களைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு மௌனத்துக்குப் போகலாம் என்று விதியிலேயே இடம் வையுங்கள்.

## 6. சமயம் சாராத வாசகம்

தமிழ்நாடு சட்டமன்றத்தில் அவைத்தலைவர் ஒரு குறளைப் பொருளோடு படித்து அவையைத் தொடங்குகிறார். பேச்சு இருக்கிறது, கடவுளை நோக்கிய விண்ணப்பம் இல்லை. யாரும் 'ஆமென்' சொல்லவோ கைகூப்பவோ தேவையில்லை. அரசியலமைப்பின் முகவுரையோ பதவியேற்பு உறுதிமொழியோ படிப்பதும் இந்த வகையே.

இங்கே கவனிக்க வேண்டியது தேர்வு. தலைவர் விருப்பப்படி எடுத்தால், எதிர்க்கட்சியைக் குத்தும் வரி ஒருநாள் வந்தே தீரும். வரிசையாகப் போங்கள். குறள் 1330, ஆண்டுக்கு 24 கூட்டம் என்றால் ஐம்பத்தைந்து ஆண்டுக்குக் குறையாது. ஆனால் வரிசையின் முதல் அதிகாரமே கடவுள் வாழ்த்து என்பதால், அதையும் படிப்பதா, விட்டுத் தொடங்குவதா என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். எல்லோரும் தமதென்று உணரும் ஒரு நூல் இருக்கும் இடத்தில் இது மௌனத்தைவிடச் செறிவானது. அப்படியொன்று இல்லாத இடத்தில் நூலைத் தேர்வதே அடுத்த சண்டை.

## 7. கூட்டத்துக்கு முன், தனியே

'அவையில் வேண்டாம், விரும்புபவர்கள் முன்னதாகக் கூடிப் பிரார்த்திக்கட்டும்' என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் சமரசம். இது இரு நாடுகளில் இருவிதமாக முடிந்தது.

இங்கிலாந்தின் பைட்ஃபோர்ட் நகர மன்றத்தில் முதலாம் எலிசபெத் காலம் தொட்டு வந்த வழக்கம் என்று பிரார்த்தனை நிகழ்ச்சி நிரலில் இருந்தது. 2012இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மதச்சுதந்திரம் மீறப்பட்டது என்பதால் அல்ல. 1972 உள்ளாட்சிச் சட்டம் அதற்கு மன்றத்துக்கு அதிகாரம் தரவில்லை என்பதால். கூட்டத்துக்கு முன் அதே அறையில், உறுப்பினர்களை முறைப்படி அழைக்காமல் நடத்தினால் தடையில்லை என்றது. பிறகு 2015இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி, விரும்பும் மன்றங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது.

கியூபெக்கின் சாகனே நகரமோ பிரார்த்தனையைக் கூட்டத்துக்கு முன்னே தள்ளி, முடிந்ததும் இரண்டு நிமிட இடைவெளி விட்டது. விரும்பாதவர் அதன்பின் உள்ளே வரலாம். கனடா உச்ச நீதிமன்றம் 2015இல் இதைத்தான் குறையாகக் கண்டது. வெளியே காத்திருந்து இரண்டு நிமிடம் கழித்து நுழைபவர் யார் என்று ஊரே பார்க்கிறது. விலகும் உரிமையே விலகியவரைக் காட்டிக்கொடுத்தது. நகரம் இழப்பீடாக 30,000 டாலர் கட்ட வேண்டி வந்தது.

எனவே தனியே நடத்துவதானால் உண்மையிலேயே தனியே நடத்துங்கள். வேறு அறை, கால் மணி நேரமாவது முன்னதாக, அழைப்பில் மன்ற முத்திரை வேண்டாம், ஊழியருக்குப் பணி ஒதுக்க வேண்டாம், பிரார்த்தனை முடிந்தவர்களும் மற்றவர்களும் ஒரே நேரத்தில், ஒரே கதவால் அவைக்குள் வரட்டும்.

## 8. எதுவும் இல்லாமல்

வேல்ஸ் நாடாளுமன்றத்தில் பிரார்த்தனை இல்லை. இந்திய மக்களவையின் அன்றாட அமர்விலும் இல்லை. மணி அடிக்கிறது, வேலை தொடங்குகிறது. பிரான்ஸில் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஒட்டிப் பொதுப் பிரார்த்தனை நடக்க வேண்டும் என்ற விதி 1875 அரசியலமைப்புச் சட்டத்தில் இருந்தது, 1884இல் நீக்கப்பட்டது. புதிய சபைக்கு இதில் விலை எதுவும் இல்லை. பழைய வழக்கத்தை எடுத்துவிட்டு வெறுமையாக விடும் சபைக்கு விலை உண்டு.

| முறை | ஆண்டுக்கு 24 கூட்டத்துக்கு வேலை | முதலில் கெடுவது |
|---|---|---|
| மாறாத பிரார்த்தனை | இல்லை | பெயர் |
| போதகர் | சம்பளம், நியமனம் | ஒரு மதம் என்ற தோற்றம் |
| சுழற்சி | 24 அழைப்பு, 24 உறுதி | பட்டியல் |
| உறுப்பினர்கள் | மிகக் குறைவு | வாக்களிப்பவரின் குரல் |
| மௌனம் | இல்லை | நேரம், அறிவிப்பு |
| வாசகம் | ஒருமுறை வரிசை | தேர்வு |
| தனியே | அறை ஏற்பாடு | கதவு |

## மாற்றுவதாக இருந்தால்

எப்போது மாற்றுகிறீர்கள் என்பதும் ஒரு செய்தியாகிவிடும். 1787 ஜூன் 28 அன்று அமெரிக்க அரசியலமைப்பு மாநாட்டில், விவாதம் முட்டி நின்றபோது, இனிக் காலைதோறும் பிரார்த்தனையோடு தொடங்கலாம் என்றார் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். தொடக்கத்தில் இல்லாததை இப்போது சேர்த்தால் உள்ளே ஏதோ விபரீதம் என்று வெளியே பேசுவார்கள் என்ற அச்சம் எழுந்தது. போதகருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றும் ஒருவர் சொன்னார். யோசனை நிறைவேறவில்லை. ஆகவே சர்ச்சை சூடாக இருக்கும்போது, புதிய மதத்தவர் ஒருவர் முறை கேட்ட மறுவாரம், தேர்தலுக்கு முந்தைய மாதம் இவற்றைத் தவிருங்கள். புதிய மன்றம் பதவியேற்று நிலையாணைகளை (கூட்ட நடைமுறை விதிகளை) ஏற்கும் முதல் கூட்டமே பொருத்தமான நேரம்.

தீர்மானத்தில் ஐந்து விவரங்கள் இருக்கட்டும்: எந்த முறை, எத்தனை நொடி அல்லது நிமிடம், யார் அறிவிப்பார், என்ன சொற்களில் அறிவிப்பார், யாரும் எழுந்து நிற்கத் தேவையில்லை என்ற வரி. உட்கார்ந்தே இருந்தவர், தாமதமாக வந்தவர் பெயர் கூட்டக் குறிப்பில் ஏறக் கூடாது. பள்ளி வாரியமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: மாணவர்கள் கூட்டத்துக்கு வருவதால் அமெரிக்க நீதிமன்றங்களே அங்கே பிரிந்து நிற்கின்றன, டெக்சாஸின் ஒரு வாரியத்துக்கு 2017இல் அனுமதி கிடைத்தது, கலிபோர்னியாவின் ஒரு வாரியத்துக்கு 2018இல் கிடைக்கவில்லை.

எந்த முறையானாலும், தொடக்கத்தை அடுத்து உடனே பொதுமக்கள் மனுக்களை எடுக்காதீர்கள். நடுவில் வருகைப் பதிவும் முந்தைய கூட்டக் குறிப்பின் ஒப்புதலும் வரட்டும். சற்றுமுன் யார் கண்ணை மூடினார், யார் மூடவில்லை என்ற நினைவோடு எந்த மனுதாரரும் உறுப்பினர் முன் நிற்க வேண்டியிராது.